காது கொடுத்துக் கேட்க டீப் பர்ப்பிள்

கிட்டார் கடைக்குள் நுழைகிறவர் யாராக இருந்தாலும், விலை கேட்பதற்கு முன்னால் ஒரு கிட்டாரை எடுத்து வாசித்துப் பார்ப்பது பெரும்பாலும் ஒரே நான்கு சுரங்களைத்தான். நம் ஊர் கணக்கில் சொன்னால் சட்ஜம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், பிரதி மத்திமம். அவ்வளவுதான். உலகம் முழுக்க லட்சக்கணக்கான பேர் கிட்டார் கற்றுக்கொள்ளத் தொடங்கியது இந்த நான்கு சுரங்களில் இருந்துதான். பாடலின் பெயர் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்'. வாசித்தது டீப் பர்ப்பிள் என்ற இங்கிலாந்துக் குழு.

கம்ப்யூட்டர் இதழில் ராக் பாட்டுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இன்று பாட்டு கேட்பது என்றாலே கம்ப்யூட்டரில் அல்லது செல்போனில்தான். நாம் எந்த ஃபைலைக் கேட்கிறோம், எந்த ஹெட்போனில் கேட்கிறோம், அதில் எது காணாமல் போயிருக்கிறது என்று பெரும்பாலானோர் யோசிப்பதில்லை. இதைச் சோதித்துப் பார்ப்பதற்கு டீப் பர்ப்பிளைவிட நல்ல குழு எனக்குத் தெரிந்து இல்லை. எனக்குப் பிடித்த பாடல்களைச் சொல்லிக்கொண்டே போகிறேன். கூடவே நம் தொழில்நுட்ப விஷயங்களையும் பார்த்துவிடுவோம்.

முதலில் சுருக்கமாக ஓர் அறிமுகம். டீப் பர்ப்பிள் 1968-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. 1969-ல் பாடகர் இயன் கில்லனும் பேஸ் கிட்டார் கலைஞர் ரோஜர் குளோவரும் சேர்ந்தார்கள். ஏற்கெனவே இருந்த ரிச்சி பிளாக்மோர் (கிட்டார்), ஜான் லார்ட் (ஆர்கன்), இயன் பெய்ஸ் (டிரம்ஸ்) ஆகியோருடன் இவர்கள் இருவரும் இணைந்த ஐவர் அணியைத்தான் ரசிகர்கள் 'மார்க் 2' என்று அழைக்கிறார்கள். சாஃப்ட்வேருக்கு வெர்ஷன் நம்பர் கொடுப்பதுபோல ரசிகர்கள் ஒவ்வோர் அணிக்கும் நம்பர் கொடுத்துவிட்டார்கள்! என்னைப் பொறுத்தவரை மிக ஸ்டேபிளான வெர்ஷன் இந்த 2 தான். ஆனால் நிஜத்தில் இவர்கள் அதிகம் சண்டை போட்டுக்கொண்டவர்கள். 1973-லேயே அணி உடைந்துவிட்டது.

எரிந்த கட்டடமும் ஒரு லாரியும்

'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பாடலின் பின்னணி சுவையானது. 1971 டிசம்பரில் 'மெஷின் ஹெட்' என்ற ஆல்பத்தைப் பதிவு செய்ய இவர்கள் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரூ நகருக்குப் போனார்கள். ஜெனிவா ஏரிக்கரையில் உள்ள ஊர். அங்கிருந்த கேசினோ கட்டடம் குளிர்காலத்துக்கு மூடப்படும். அந்தக் காலி அரங்கத்தில் பதிவு செய்வதாகத் திட்டம். மூடுவதற்கு முன் கடைசி நிகழ்ச்சியாக டிசம்பர் 4-ம் தேதி ஃபிராங்க் ஸப்பாவின் கச்சேரி நடந்தது. பார்வையாளர் ஒருவர் கூரையை நோக்கி ஃப்ளேர் துப்பாக்கியால் சுட, தீப்பிடித்துக் கட்டடம் முழுவதும் எரிந்து போனது. நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை. புகை ஏரியின் மேல் படர்ந்ததை டீப் பர்ப்பிள் குழுவினர் ஓட்டல் ஜன்னல் வழியே பார்த்தார்கள். சில நாள் கழித்துத் தூக்கத்தில் இருந்து விழிக்கும்போது ரோஜர் குளோவரின் வாயில் வந்த சொற்கள்தான் பாடலின் தலைப்பு.

என்னைக் கவர்வது இதன் பிறகு நடந்ததுதான். பதிவு செய்ய இடம் இல்லை. ஆனால் பதிவுக் கருவிகள் தயாராக நின்றன. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான நடமாடும் ஸ்டுடியோ அது. ஒரு லாரிக்குள் முழு ஸ்டுடியோவையும் அடக்கியிருந்தார்கள். 16 டிராக் டேப் மெஷின், மிக்ஸர், எல்லாம் உள்ளே. இன்று ஒரு சாதாரண லேப்டாப்பில் இலவச சாஃப்ட்வேரைப் போட்டால் இதைவிட அதிக டிராக்குகள் கிடைக்கும். அன்று அதற்கு லாரி வேண்டியிருந்தது.

முதலில் ஒரு தியேட்டரில் வாசித்தார்கள். அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, போலீஸ் வந்துவிட்டது. பதிவு முடியும் வரை குழுவின் உதவியாளர்கள் கதவை உள்ளிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்களாம். அந்தச் சில மணி நேரத்தில் பதிவான இசைதான் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பாடலின் அடித்தளம். பிறகு குளிர்காலத்துக்காக மூடிக்கிடந்த கிராண்ட் ஓட்டலின் தாழ்வாரத்தில் மெத்தைகளை அடுக்கி, மீதி ஆல்பத்தை முடித்தார்கள். வாசித்ததைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்றால் பல அறைகளையும் பால்கனிகளையும் தாண்டி லாரி வரை நடக்க வேண்டும். அலுத்துப் போய், கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். சரியாக வந்ததாகத் தங்களுக்குத் தோன்றும் வரை வாசித்தார்கள். 'அண்டூ' பட்டன் இல்லாத உலகம்!

பாடலின் தொடக்கத்தைக் கவனித்துக் கேளுங்கள். பிளாக்மோர் பிக் பயன்படுத்தாமல் விரலால் இரண்டு கம்பிகளைச் சேர்த்து மீட்டுகிறார். ஒவ்வொரு சுரத்துடனும் அதற்குக் கீழே உள்ள நான்காவது சுரமும் சேர்ந்து ஒலிக்கிறது. கடைகளில் வாசிப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். பிறகு டிரம்ஸ் வருகிறது, ஆர்கன் அதே மெட்டில் சேர்ந்துகொள்கிறது, அதன் பின் பேஸ். ஒரு புரோகிராமில் மாட்யூல்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பது போல இருக்கும். குழுவினர் இதை ஹிட் ஆகும் என்றே நினைக்கவில்லை. 1972-ல் சிங்கிளாக வெளியிட்டது 'நெவர் பிஃபோர்' என்ற வேறு பாடலை. இது 1973-ல்தான் சிங்கிளாக வந்து அமெரிக்காவில் 4-ம் இடம் வரை போனது.

இன்னொரு செய்தி. இந்த ஆல்பத்தின் பொன்விழாப் பதிப்புக்காகப் பழைய டேப்புகளில் இருந்து புதிய மிக்ஸ் செய்தார்கள். 2024-ல் வெளிவந்தது. செய்தவர் ட்வீஸில் ஸப்பா. ஆம், அன்று மேடையில் இருந்த ஃபிராங்க் ஸப்பாவின் மகன்தான். டால்பி அட்மாஸ் வடிவமும் அதில் உண்டு.

சக்கரங்கள் சுழலும் ஆர்கன்

'லேஸி' என்ற பாடலை ஜான் லார்டுக்காகவே கேட்க வேண்டும். ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும். முதலில் ஆர்கன் மட்டும், உறுமிக்கொண்டு. முதல் முறை கேட்பவர்கள் அதைக் கிட்டார் என்றே நினைப்பார்கள்.

காரணம் கருவியின் அமைப்பு. லார்ட் வாசித்தது ஹாமண்ட் ஆர்கன். இதில் காற்று கிடையாது, சிப்பும் கிடையாது. 1930களில் உருவான மின் இயந்திரம் இது. உள்ளே 91 பல்சக்கரங்கள் ஒரு மோட்டாரின் தயவில் சுழன்றுகொண்டே இருக்கும். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் ஒரு காந்தமும் கம்பிச்சுருளும் உண்டு. பல் கடந்து போகும்போதெல்லாம் சுருளில் மின்சாரம் ஏறி இறங்கும். அதுதான் ஒலி. வாசிப்பவர் முன்னால் 9 இழுப்பான்கள் ஒரு தொகுதியாக இருக்கும். எந்த அலையை எவ்வளவு கலக்கலாம் என்பதை இவற்றை இழுத்தும் தள்ளியும் தீர்மானிக்கலாம். சவுண்ட் கார்டுகள் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, மரப்பெட்டிக்குள் ஒரு சிந்தசைஸர்! லார்ட் இதைக் கிட்டாருக்கான மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் இணைத்து அலறவிட்டார். உறுமல் அங்கிருந்துதான் வருகிறது.

இந்த மோட்டாரின் வேகம் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பொறுத்தது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த ஆர்கனை 50 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் அப்படியே செருகினால் சுருதி ஏறக்குறைய மூன்று அரைச்சுரம் இறங்கிவிடும். ஜப்பானில் இது இன்னும் வேடிக்கை. அங்கே ஓசாகாவில் 60 ஹெர்ட்ஸ், டோக்கியோவில் 50 ஹெர்ட்ஸ். ஒரே நாட்டுக்குள் இரண்டு சுருதி!

ஜப்பானைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 1972 ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் ஓசாகாவிலும் 17-ம் தேதி டோக்கியோ புடோகான் அரங்கிலும் இவர்கள் நடத்திய மூன்று கச்சேரிகளில் இருந்து எடுத்ததுதான் 'மேட் இன் ஜப்பான்' ஆல்பம். மொத்தம் ஏழே பாடல்கள். 8 டிராக் டேப்பில் பதிவு செய்தவர் மார்ட்டின் பிர்ச். மோன்ட்ரூ லாரிக்குள் இருந்தவரும் இவர்தான். குழுவினர் இதை ஜப்பானுக்கு மட்டும் என்று நினைத்திருந்தார்கள். பிறகு உலகம் முழுவதும் வெளியாகி, நேரடிப் பதிவு ஆல்பம் என்றாலே முதலில் சொல்லும் பெயராகிவிட்டது. 'ஹைவே ஸ்டார்' பாடலை ஸ்டுடியோ பதிவில் கேளுங்கள், பிறகு இதில் கேளுங்கள். ஆர்கன் ஒரு பக்கம், கிட்டார் மறு பக்கம் என்று பிரித்து வைத்திருப்பதால் ஹெட்போனில் இருவரும் மோதிக்கொள்வது தெளிவாகக் கேட்கும். செல்போன் ஸ்பீக்கரில் இந்தச் சண்டை மொத்தமும் போய்விடும்.

'ஹைவே ஸ்டார்' பிறந்த விதமும் சொல்லத் தக்கது. 1971-ல் போர்ட்ஸ்மவுத் நகர நிகழ்ச்சிக்குப் பேருந்தில் போகும்போது, கூட வந்த பத்திரிகையாளர் ஒருவர் "பாட்டு எப்படி எழுதுகிறீர்கள்?" என்று கேட்டாராம். பிளாக்மோர் "இப்படித்தான்" என்பதுபோல் கிட்டாரை எடுத்து வாசிக்க, கில்லன் வாய்க்கு வந்ததைப் பாட, பாட்டு உருவாகிவிட்டது. ஆனால் அதன் கிட்டார் தனி ஆவர்த்தனம் அப்படி வந்தது அல்ல. பாக் பாணியில் சுரங்களை முன்கூட்டியே அடுக்கி எழுதி, ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிவு செய்தது. வேகமாக ஓடும் இந்தப் பகுதியைப் புரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேரில் பாடலைத் திறந்து, அந்த இடத்தை மட்டும் செலக்ட் செய்து, 'எஃபெக்ட்' மெனுவில் 'சேஞ்ச் டெம்போ' கொடுத்து வேகத்தைப் பாதியாக்குங்கள். சுருதி மாறாமல் மெதுவாக ஓடும். ஒவ்வொரு சுரமும் தனித்தனியே விழுவதைக் கேட்கலாம்.

இரண்டு மலைகள்

இனி என் முதல் இடத்துக்கு வருகிறேன். 1970-ல் வெளிவந்த 'இன் ராக்' ஆல்பத்தில் உள்ள 'சைல்ட் இன் டைம்'. நீளம் 10 நிமிடம் 18 விநாடி. பனிப்போர்க் காலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பாடல். இதன் மெட்டுக்கு மூலம் 'பாம்பே காலிங்' என்ற இசைத் துண்டு. பெயரில் பம்பாய் இருந்தாலும் அதை வாசித்தது சான் ஃபிரான்சிஸ்கோவைச் சேர்ந்த 'இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே' குழு. வேகமான அந்த மெட்டை இவர்கள் மெதுவாக்கி முற்றிலும் வேறொன்றாக மாற்றிவிட்டார்கள். அந்தக் குழுவும் சும்மா இருக்கவில்லை. டீப் பர்ப்பிளின் 'ரிங் தட் நெக்' இசையை எடுத்துத் தன் ஆல்பத்தில் பயன்படுத்திக்கொண்டது. கணக்கு சரியாகிவிட்டது.

பாடல் மிக மெல்லத் தொடங்கும். லார்டின் ஆர்கன், அதன் மேல் பெய்ஸ் தாம்பாளத்தில் நுனிக்குச்சியால் தொடும் மெல்லிய சத்தம். கில்லன் கிட்டத்தட்டப் பேசும் குரலில் பாடுகிறார். பிறகு சொற்களே இல்லாத ஆலாபனை. படிப்படியாக ஏறி, மனிதக் குரல் இவ்வளவு மேலே போகுமா என்று நினைக்கும் இடத்துக்கு மேலும் ஒரு படி ஏறும். அதன் பின் கிட்டார் தறிகெட்டு ஓடி, சட்டென்று நிற்கும். மீண்டும் அதே அமைதி. மறுபடி முதலில் இருந்து ஏற்றம்.

இதை ஆடாசிட்டியில் திறந்தால் திரையில் அலைவடிவம் இரண்டு மலைகள் போலத் தெரிய வேண்டும். அடிவாரம் ஒல்லியாக, உச்சி தடிமனாக. உங்கள் ஃபைலில் முதலில் இருந்து கடைசி வரை ஒரே செங்கல் சுவர்போல் தெரிந்தால், யாரோ அந்தப் பதிப்பில் ஒலியைத் தூக்கி அழுத்திவிட்டார்கள் என்று பொருள். கடையில் ஒலிக்கும்போது அடுத்த ஆல்பத்தைவிடச் சத்தமாகக் கேட்க வேண்டும் என்ற போட்டியில், பல பழைய ஆல்பங்களுக்கு ரீமாஸ்டர் என்ற பெயரில் இந்தக் கதி நேர்ந்தது. மெல்லிய இடமும் சத்தமான இடமும் ஒரே உயரம் ஆகிவிட்டால் 'சைல்ட் இன் டைம்' பாடலில் மிச்சம் என்ன இருக்கிறது? ஏறுவதற்கு மலையே இல்லையே. இப்போது ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் எல்லாப் பாடல்களின் சராசரி ஒலியளவையும் சமப்படுத்தித் தருவதால் இந்தப் போட்டிக்கு அர்த்தம் குறைந்திருக்கிறது. நல்ல விஷயம்தான்.

அடுத்தது ஃபைலின் அளவு. சிடி தரத்தில் இந்தப் பாடல் ஏறக்குறைய 109 எம்பி. 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கினால் 10 எம்பிக்குள் அடங்கிவிடும். மீதி 99 எம்பி எங்கே போனது? காதுக்குக் கேட்காது என்று ஃபார்முலா முடிவு செய்த ஒலிகளைத் தூக்கிப் போட்டுவிட்டது. பெரும்பாலும் 16 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதெல்லாம் போய்விடும். அதற்குக் கீழேயும் தாம்பாளச் சத்தம் தண்ணீர் கொப்பளிப்பதுபோல் சிதையும். கல்லூரி ஹாஸ்டலில் பென்டிரைவ் வழியாக எனக்கு வந்த இந்தப் பாடல் அந்த ரகம்தான். இரண்டு வருடம் அதைத்தான் கேட்டேன். பிறகு ஒரு நண்பனின் சிடியில் இருந்து ஃப்ளாக் ஃபைலாக மாற்றிக் கேட்டபோது, பெய்ஸ் தொடக்கத்தில் என்ன செய்கிறார் என்பது முதல் முறையாகப் புரிந்தது. ஃப்ளாக் எதையும் தூக்கிப் போடாது, ஜிப் ஃபைல்போல மடித்து வைக்கும், அவ்வளவுதான். இடம் சிடியில் பாதியை ஒட்டி ஆகும். ஹார்ட் டிஸ்க் விலை இறங்கிவிட்ட காலத்தில் இதற்குக் கணக்குப் பார்க்க வேண்டாம். 320 கேபிபிஎஸ் எம்பி3 கூட மோசமில்லை. 25 எம்பிதான்.

பெரியப்பாவின் காது

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது என் பெரியப்பாவுக்கு இந்தப் பாடலைப் போட்டுக் காட்டினேன். சோமனூர் பக்கம் விசைத்தறிக் கூடத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். நல்ல ஹெட்போனை மாட்டிவிட்டு, "அந்தத் தட்டு சத்தம் எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க பெரியப்பா" என்றேன். கண்ணை மூடிக் கேட்டார். "பொட்டி சத்தம் நல்லாக் கேக்குது கண்ணு. தட்டு ஒண்ணும் கேக்கலியே" என்றார். ஒலியைக் கூட்டினேன். கில்லன் கத்தும் இடத்தில் முகம் சுளித்தார், ஆனால் தாம்பாளம் கடைசி வரை கேட்கவில்லை. ஃப்ளாக், எம்பி3 வித்தியாசத்தைப் பற்றி நான் வைத்திருந்த விளக்கமெல்லாம் வாயிலேயே நின்றுவிட்டது.

இரைச்சலால் ஏற்படும் செவித்திறன் இழப்பு இப்படித்தான் தொடங்கும். முதலில் 4 கிலோ ஹெர்ட்ஸை ஒட்டிய மேல் ஒலிகள் போகும். உட்காதில் உள்ள நுண்மயிர் செல்கள் ஒரு முறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பேக்கப் கிடையாது. பொதுவாக ஏற்கப்பட்ட அளவு, 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 100 என்றால் 15 நிமிடம். இதே டீப் பர்ப்பிள் 1972-ல் லண்டன் ரெயின்போ தியேட்டரில் 117 டெசிபல் எட்டியதாக கின்னஸ் புத்தகம் உலகின் மிகச் சத்தமான குழு என்று பட்டம் கொடுத்தது. ரசிகனாகப் பெருமைப்பட்ட செய்திதான். இப்போது அதைச் சொல்லும்போது அந்தப் பெருமை பாதியாகக் குறைந்துவிடுகிறது.

பெரியப்பாவுக்குத் தறிச் சத்தத்தில் இருந்து தப்பிக்க வழி இருக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய இயர்போனை வைத்து நாமே அந்த வேலையைச் செய்துகொள்ள வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஒலியளவு எல்லை மீறினால் எச்சரிக்கும் வசதி உண்டு. செட்டிங்ஸில் போய் அதை ஆன் செய்யுங்கள். பஸ்ஸில் கேட்பவர்கள் வெளிச் சத்தத்தை அடைக்கும் ரக இயர்போன் வாங்கினால், குறைந்த ஒலியிலேயே போதுமான அளவு கேட்கும்.

கில்லனின் குரலும் அழியாத பொருள் அல்ல. 2002-க்குப் பிறகு அவர் 'சைல்ட் இன் டைம்' பாடலை மேடையில் பாடவில்லை. அந்த உச்சி இனி எட்டாது என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. சுருதியை இறக்கிப் பாடி ஒப்பேற்றாமல் விட்டுவிட்டது எனக்குப் பிடித்திருக்கிறது. ஜான் லார்ட் 2012 ஜூலையில் காலமானார்.

மிச்சம் இருப்பவை

'ஸ்பேஸ் டிரக்கின்' ஸ்டுடியோவில் நாலரை நிமிடம். ஜப்பானில் ஏறக்குறைய 20 நிமிடம். முதல் ஐந்து நிமிடத்துக்குப் பின் பாட்டு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். எனக்குப் பிடிக்கும், உங்களுக்குப் பொறுமை வேண்டும். 1984-ல் ஐவரும் மீண்டும் சேர்ந்தபோது வந்த 'பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' தலைப்புப் பாடல் இரவில் தனியாகக் கேட்க ஏற்றது. 'பர்ன்' (1974) டேவிட் கவர்டேல் பாடியது. மார்க் 2 ரசிகர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள், ஆனால் பெய்ஸின் டிரம்ஸுக்காக மட்டுமே இதைப் பத்து முறை கேட்கலாம்.

கடைசியாக, 'வென் எ பிளைண்ட் மேன் கிரைஸ்'. மூன்றரை நிமிடம்தான். மோன்ட்ரூவில் அதே கிராண்ட் ஓட்டலில் பதிவானது, ஆனால் ஆல்பத்தில் இடம் பெறவில்லை. பிளாக்மோருக்கு இந்தப் பாடல் பிடிக்கவில்லை. 'நெவர் பிஃபோர்' சிங்கிளின் பின்பக்கத்தில் போட்டு மறந்துவிட்டார்கள். 1993-ல் பிளாக்மோர் விலகிய பிறகுதான் மேடைகளில் தொடர்ந்து பாடத் தொடங்கினார்கள். 1997-ல் வந்த 'மெஷின் ஹெட்' வெள்ளி விழாப் பதிப்பில் இதையும் சேர்த்தார்கள். எனவே உங்களிடம் இருப்பது பழைய பதிப்பு என்றால் அதில் ஏழு பாடல்கள்தான் இருக்கும். இதைத் தனியாகத் தேடிக் கேளுங்கள். கத்தலே கிடையாது. ஒலியளவைப் பாதிக்குக் கீழே வைத்தாலே போதும்.